பீட்லாக் வீலில் ஆஃப்-ரோடு டயரை வீட்டிலேயே மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்லாக் வீல் என்றால் என்ன? சாதாரண வீலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டயரின் இரண்டு ஓரத்திலும் உள்ளே எஃகுக் கம்பி பதித்த தடித்த விளிம்பு இருக்கும். அதுதான் பீட். சாதாரண வீலில் இந்த பீட்டை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்று மட்டுமே. காற்றைக் குறைத்தால் பிடியும் குறையும். ஆனால் மணலிலும் பாறையிலும் நாம் வேண்டுமென்றேதான் காற்றை இறக்குகிறோம், அப்போதுதான் டயர் தரையில் பரவிப் பிடிக்கும். அந்த நிலையில் ஒரு கூர்மையான திருப்பம் வந்தால் போதும், பீட் ரிம்மை விட்டுக் கழன்று மொத்தக் காற்றும் போய்விடும். பீட்லாக் வீலில் வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கும் ஒரு தனி ரிங்குக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு நெரித்துவிடுகிறோம். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் நகராது.

வெளிப்பக்கம் மட்டும்தானா? உள்பக்கத்தை ஏன் பூட்டுவதில்லை?

பெரும்பாலான பீட்லாக் வீல்களில் வெளிப்பக்கம் மட்டும்தான். வண்டி திரும்பும்போது அதிக பாரம் தாங்குவது வளைவின் வெளிப்பக்கச் சக்கரம். அதன் அடிப்பகுதியைத் தரை வண்டியின் உள்பக்கமாகத் தள்ளும், ரிம் வெளியே போகப் பார்க்கும். அப்போது முதலில் இடம் பெயர்வது வெளி பீட். பாறை வந்து இடிப்பதும் அந்தப் பக்கம்தான். உள் பீட் வழக்கம்போல ரிம்மில் உள்ள மேட்டுக்கு அந்தப் பக்கம் காற்றழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பிடிக்கும் வகைகளும் உண்டு. ராணுவ வண்டிகளில் வரும் ஹட்சின்சன் வீல் இரண்டு துண்டாகப் பிரியும், உள்ளே ஒரு செருகு வளையம் இரண்டு பீட்டையும் எதிரெதிராகத் தள்ளிப் பிடிக்கும். அதை மாட்டும் முறை வேறு, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

என் வீலில் சுற்றிலும் போல்ட் இருக்கிறது. அது பீட்லாக்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அழகுக்காக ரிங்கும் போல்ட்டும் வைத்த போலி பீட்லாக் வீல்கள் நிறைய விற்கின்றன. அவற்றில் டயர் வழக்கம்போலத்தான் ரிம்மில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு வகை நடுவாந்தரம்: ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் பேக்கேஜில் வரும் 17 அங்குல வீலைப் போல, கம்பெனியிலிருந்து வரும்போது அலங்கார ரிங் மட்டும் இருக்கும், நிஜமாகப் பூட்டும் ரிங்கைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கண்டுபிடிக்க எளிய வழி, ரிங்கின் ஓரத்தைப் பார்ப்பது. டயரின் ரப்பர் ரிங்குக்கு அடியில் போய் மாட்டியிருந்தால் நிஜம். ரிங் முழுக்க உலோகத்தின் மேலேயே உட்கார்ந்து, டயர் அதற்குப் பின்னால் ரிம் விளிம்போடு முடிந்தால் அலங்காரம். சந்தேகம் இருந்தால் காற்று இருக்கும்போது ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

டயர் மெஷின் இல்லாமல் வீட்டில் மாட்ட முடியுமா?

தாராளமாக. சாதாரண வீலைவிட இது சுலபம் என்றே சொல்வேன். சாதாரண வீலில் இரண்டு பீட்டையும் ரிம் விளிம்பைத் தாண்டி இழுத்துப் போட வேண்டும், இரண்டாவதுதான் உயிரை எடுக்கும். இதில் ஒன்றுதான் தாண்ட வேண்டும், இரண்டாவது அப்படியே மேலே உட்கார்ந்துகொள்ளும். பலம் தேவைப்படுவது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் பொறுமை. 24 போல்ட் உள்ள வீல் என்றால் நான்கு வீலுக்கு 96 போல்ட், ஒவ்வொன்றையும் நான்கைந்து சுற்று தொட வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்களுக்குத்தான் ரிங் கோணுகிறது, காற்று கசிகிறது.

என்னென்ன கருவி வேண்டும்?

சின்ன டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்), அதுதான் முக்கியம். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இதற்கு ஆகாது, அளவுகோலின் அடிமட்டத்தில் அது காட்டுவதை நம்ப முடியாது. 3/8 அங்குல டிரைவ் உள்ளது, அல்லது இன்ச்-பவுண்டில் அளக்கும் ரெஞ்ச் நல்லது. 15 ஃபுட்-பவுண்ட் என்பது 180 இன்ச்-பவுண்ட், ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். அப்புறம் ஒரு கம்ப்ரசர், தூரத்தில் நின்று காற்றடிக்கும் அளவுக்கு நீளமான ஹோஸ், கையை விட்டாலும் வால்வைக் கவ்வி நிற்கும் கிளிப் முனை, வால்வு கோர் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்னத் துண்டு) கழற்றும் சாவி, இரண்டு டயர் லிவர், டயருக்கான லூப் (வழுக்கும் பூச்சு) அல்லது கெட்டியான சோப்புக் கரைசல், பிரஷ், போல்ட் ஒட்டிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் ஆன்டி-சீஸ். வீலைத் தரையிலிருந்து தூக்கி வைக்க உறுதியான வாளியோ மரக்கட்டையோ வேண்டும். கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் எதையும் டயரில் பூச வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், வழுக்கலும் காயாது.

சரி, டயரை எப்படி ஏற்றுவது?

முதலில் டயரை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். குளிர்ந்த மட் டயரோடு மல்லுக்கட்டுவதும் சூடேறிய டயரோடு வேலை செய்வதும் வேறு வேறு அனுபவம். அதற்குள் வீலைத் துடைத்து, பீட் உட்காரும் இடத்தில் மண்ணோ பெயின்ட் கட்டியோ துருவோ இருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். வால்வை இப்போதே மாட்டிவிடுங்கள். நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு இதற்கு ஏற்றது.

வீலின் முகம் மேலே பார்க்கும்படி வாளியின் மேல் வையுங்கள், நடுவில் ஒரு துணி இருக்கட்டும். டயர் தரையைத் தொடாமல் தொங்கும் அளவுக்கு உயரம் வேண்டும், காரணம் பின்னால் வரும். டயரின் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், சுழலும் திசைக்கு அம்புக்குறி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கையும் மாட்டிவிட்டு இதைக் கவனித்தால் அழுகைதான் வரும்.

கீழே போகப் போகும் உள் பீட்டில் மட்டும் லூப் பூசுங்கள். வெளி பீட் காய்ந்தே இருக்கட்டும், நெரித்துப் பிடிக்கப்போகும் இடத்தில் வழுக்கல் எதற்கு? டயரைச் சாய்வாக வைத்து, உள் பீட்டின் ஒரு பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். அந்தப் பக்கம் பள்ளத்தில் நிற்கும்வரைதான் எதிர்ப்பக்கத்துக்கு இடம் கிடைக்கும். மேலே ஏறி எதிர்ப்பக்கத்தை மிதித்தால் பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும். போகாவிட்டால் லிவரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். 35 அங்குல மட் டயர் 30 கிலோவை ஒட்டி இருக்கும், கூட ஒரு ஆள் இருந்தால் முதுகுக்கு நல்லது.

உள் பீட் தாண்டியதும் வெளி பீட் வீலின் முகத்தில் அதற்கென்று வெட்டிய படியில் வந்து உட்காரும். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். சுற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், பீட் எங்காவது படியின் விளிம்பின் மேல் ஏறி நிற்கிறதா, எங்காவது அதிக இடைவெளி இருக்கிறதா என்று. டயர் நடுமையத்தில் இல்லாமல் ரிங்கைப் போட்டு இறுக்கினால், அப்புறம் எந்த பேலன்ஸிங்காலும் அந்த ஆட்டத்தைச் சரிசெய்ய முடியாது. ரப்பர் மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தால் பீட் பகுதியில் மட்டும் பிளேடால் சீவிவிடலாம்.

ரிங்கை வைத்தால் போல்ட் துளையின் நூலை (திருகுப் புரியை) எட்டவே இல்லை. என்ன செய்வது?

தடித்த பீட் உள்ள டயர்களில் இது சகஜம். அதே நூல் அளவில், அதே தரத்தில், கொஞ்சம் நீளமான போல்ட் நான்கு வாங்கி வையுங்கள். மணியின் 12, 6, 3, 9 நிலைகளில் அவற்றைப் போட்டு மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கி ரிங்கைக் கீழே கொண்டுவந்து, மற்ற துளைகளில் சரியான போல்ட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அந்த நான்கையும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எந்தப் போல்ட்டாக இருந்தாலும் முதல் சில சுற்றுகள் கையால்தான். விரலால் திருகும்போதே சிக்கினால் நூல் குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அலுமினிய வீலில் நூல் போனால் அதைச் சரிசெய்வது தனி வேலை.

எந்த வரிசையில், எவ்வளவு இறுக்க வேண்டும்?

எவ்வளவு என்பதை உங்கள் வீல் கம்பெனி கொடுத்த தாளில் பாருங்கள், வேறெங்கும் கேட்காதீர்கள். 5/16 அங்குலம், 3/8 அங்குலம் என்று போல்ட் அளவு மாறும், ஆன்டி-சீஸ் போட்டா போடாமலா என்பதும் கணக்கில் வரும். பொதுவாக 14-லிருந்து 22 ஃபுட்-பவுண்டுக்குள் இருக்கும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் போல்ட் இத்தனை இருக்கின்றன, ஒன்றொன்றும் ரிங்கைக் கீழே இழுக்கிறது.

வரிசைதான் வேலையின் உயிர். எதிரெதிராக, நட்சத்திரம் போடுகிற மாதிரி. முதல் சுற்றில் எல்லாப் போல்ட்டும் ரிங்கைத் தொட்டால் போதும். அடுத்த சுற்றில் 5 ஃபுட்-பவுண்ட், அடுத்து 10, கடைசியில் முழு அளவு. இப்போது ரிங்குக்கும் டயருக்கும் நடுவில் கண்ணை வைத்துப் பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போது அதன் இரண்டு பக்கமும் ரப்பர் மெல்லப் பிதுங்கி வரும், எதிரே இருக்கும் இடத்தில் ரிங் ஒரு மயிரிழை தூக்கிக்கொள்ளும். எதிரே போய் அதை இறுக்கினால் இங்கே கொஞ்சம் தளரும். ரப்பர் மெதுவாகத்தான் நெரிபடும் என்பதால், முழு அளவில் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்தால் முதலில் இறுக்கிய போல்ட் மறுபடி கால் சுற்று போகும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசியில் எதிரெதிர் வரிசையை விட்டு, ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போங்கள், எந்தப் போல்ட்டும் அசையாமல் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும்வரை. மூன்று சுற்றும் ஆகும், ஐந்தும் ஆகும்.

இம்பாக்ட் கன் (அடித்து அடித்து இறுக்கும் பவர் ரெஞ்ச்) வேண்டவே வேண்டாம். போல்ட்டைச் சும்மா இறக்கிவிட மட்டும் கிளட்ச் உள்ள டிரில்லைக் குறைந்த அளவில் வைத்துப் பயன்படுத்தலாம், அதோடு சரி.

முழுசாக இறுக்கியும் ரிங்குக்கும் வீலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே?

வீலைப் பொறுத்தது. சில வடிவமைப்பில் ரிங் உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும், சிலவற்றில் ரப்பரை மட்டும் பிடித்துக்கொண்டு இடைவெளியோடுதான் நிற்கும். இந்த இரண்டாவது வகையில் இடைவெளி இருப்பது பிரச்சினையே இல்லை, அது சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் என்றால் டயர் நடுவில் இல்லை அல்லது இறுக்கியது சீராக இல்லை, தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி.

பீட்டின் தடிமன் டயருக்கு டயர் மாறும். போல்ட் வரிசை பீட்டுக்கு உள்பக்கமாக இருப்பதால், பீட் ரொம்பத் தடிமனாக இருந்தால் ரிங்கின் வெளி ஓரம் ரப்பரில் தாங்கி நிற்கும், உள் ஓரம் போல்ட்டோடு கீழே இழுபடும், ரிங் சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்துவிடும். இப்படிக் குழிந்த ரிங்கில் போல்ட்டுகளும் நேராக நிற்காது, ஒரு பக்கமாக வளைய இழுபட்டு, ஓடும்போது தலை முறியும். இதற்கென்றே ஷிம் வளையங்கள் விற்கின்றன, ரிங்குக்கு அடியில் வைத்து அந்த இடைவெளியை நிரப்பலாம். பீட் மெல்லியதாக இருந்தால் நேர் எதிர்: ரிங் உலோகத்தில் போய் முட்டிவிடும், போல்ட்டில் சரியான அளவு காட்டும், ஆனால் ரப்பரில் பிடியே இருக்காது. இதுதான் இரண்டிலும் ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஏற்கெனவே ஷிம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீல் கம்பெனியிடம் அந்த டயரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உள் பீட் உட்கார மாட்டேன் என்கிறது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, டயர் உப்பவே இல்லை.

வால்வு கோரைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காற்று இரண்டு மடங்கு வேகமாகப் போவது போல இருக்கும். டயரைத் தொங்கும்படி வைக்கச் சொன்னது இதற்குத்தான்: அதன் சொந்த எடையே உள் பீட்டைக் கீழே, அது போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கி இழுக்கும். அப்படியும் வரவில்லையென்றால் டயரின் நடுச் சுற்றில் ராட்செட் பெல்ட் கட்டி இறுக்கினால் பீட் வெளியே தள்ளும். காற்று பிடிக்க ஆரம்பித்ததும் பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள்.

உட்காரும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும், பெரிய டயரில் கொஞ்சம் திடுக்கிடவே வைக்கும். பீட்டை உட்காரவைக்கத் தாண்டக் கூடாத அழுத்தம் டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற கணக்கு). அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, மறுபடி லூப் பூசி முயலுங்கள். கிளிப்பை மாட்டிவிட்டு ஹோஸின் மறுமுனையில் நில்லுங்கள், டயரின் மேல் குனிந்து நிற்காதீர்கள், விரல் ரிம்மின் பக்கமே போக வேண்டாம். எளிதில் தீப்பற்றும் ஸ்ப்ரேயைப் பீய்ச்சிக் கொளுத்துகிற வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வேண்டாம்.

காற்று மெல்ல இறங்குகிறது. எங்கே தேடுவது?

சோப்புத் தண்ணீர். முதலில் வால்வு, அப்புறம் உள் பீட், கடைசியில் ரிங் ஓரம். ரிங் ஓரத்தில் ஒரே இடத்தில் குமிழி வந்தால் அங்கே மண், ரப்பர் மயிர், பெயின்ட் கட்டி ஏதாவது மாட்டியிருக்கும். சுற்றிலும் பரவலாக வந்தால் இறுக்கம் போதவில்லை. புது டயர் ஒரு ராத்திரி இருந்து நெரிந்ததும் மறுபடி இறுக்கினாலே நின்றுவிடுவது உண்டு, உடனே கழற்றாதீர்கள்.

போல்ட்டில் லாக்டைட் போடலாமா?

லாக்டைட் என்பது போல்ட் கழலாமல் இருக்க நூலில் பூசும் பசை. வீல் கம்பெனி போடச் சொன்னால் தவிர, வேண்டாம். இந்தப் போல்ட்டுகளை அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும், பூட்டிவிட்டால் ரெஞ்ச் காட்டும் எண் பொய்யாகிவிடும். எஃகுப் போல்ட்டும் அலுமினிய நூலும் சேர்ந்தால் சேற்றிலும் தண்ணீரிலும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் ஆன்டி-சீஸ். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றுகிறவர்களும் உண்டு. சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு கிரேடு 8 என்ற உயர்பல எஃகுப் போல்ட்டின் பலம் கிடையாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்?

மாட்டிய மறுநாள் ஒரு தடவை, முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை, அதற்கப்புறம் கரடுமுரடான பயணம் ஒவ்வொன்றுக்கும் பிறகு. பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து ரிங்குக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் எது நகர்ந்தது என்று நின்ற இடத்திலேயே தெரியும். பாறையில் உரசித் தலை தேய்ந்த போல்ட்டை உடனே மாற்றுங்கள், இன்னும் தேய்ந்தால் சாக்கெட் பிடிக்காது. வண்டியில் கையளவு உதிரிப் போல்ட்டும் அதற்கான சாக்கெட்டும் எப்போதும் இருக்கட்டும்.

காற்றை எவ்வளவு குறைக்கலாம்?

வண்டியின் எடை, டயரின் உறுதி, நிலம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. பீட்லாக் உள்ளவர்கள் பாறையில் 8 முதல் 12 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுவது சாதாரணம், எடை குறைந்த வண்டிகளில் 5, 6 வரையும் போகிறார்கள். உள் பீட் பூட்டப்படவில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தார் சாலைக்கு ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறி டயர் கிழிந்துவிடும், அதைத் தடுக்கப் பீட்லாக்கால் முடியாது.

பேலன்ஸிங்?

உள்பக்கம் ஒட்டும் எடை வைக்கலாம், அல்லது டயருக்குள் பேலன்ஸிங் மணிகளைப் போடலாம். மணி போடுவதென்றால் உள்ளே லூப் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆஃப்-ரோடுக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலையே தேவையில்லை.

பொதுச் சாலையில் ஓட்டலாமா?

பல வீல்களில் 'ஆஃப்-ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்டே விற்கிறார்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், காப்பீட்டிலும் கேள்வி வரலாம். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

காற்று. வால்வு கோரையே வெளியே எடுத்துவிட்டு, சத்தம் முழுக்க நின்று, டயரைக் கையால் அழுத்திப் பார்த்து அமுங்கிய பிறகுதான் ரெஞ்ச்சைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: 17 அங்குல வீலில் 35 அங்குல டயரின் ஒரு பக்கவாட்டு ஏறத்தாழ 735 சதுர அங்குலம். 20 பி.எஸ்.ஐ. இருந்தால் அந்தப் பக்கத்தை வெளியே தள்ளும் விசை 14,700 பவுண்ட், அதாவது ஆறரை டன்னுக்கும் மேல். அதில் ஒரு பெரும் பங்கைத் தாங்குவது அந்த ரிங்கும் போல்ட்டும்தான். காற்று இருக்கும்போது இறுக்கிச் சரிபார்க்கலாம், தளர்த்தவே கூடாது. பாதிப் போல்ட்டைக் கழற்றிவிட்டால் மீதி முறிந்து ரிங் பறந்து வரும், முன்னால் நிற்பது யாராக இருந்தாலும்.

காற்று போனதும் போல்ட்டை எதிரெதிர் வரிசையில் முதலில் ஆளுக்கு ஒரு சுற்று தளர்த்தி, அப்புறம் கழற்றுங்கள், ரிங் கோணாமல் இருக்கும். ரிங் வந்தாலும் உள் பீட் ரிம்மில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை ரிம்மிலிருந்து விடுவிப்பதுதான் கழற்றும் வேலையில் கடினமான பாதி. கையால் இயக்கும் பீட் பிரேக்கர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டியின் பம்பருக்கு அடியில் ஹை-லிஃப்ட் ஜாக்கை வைத்து அமுக்குகிறவர்கள் உண்டு, வேலை நடக்கும்தான், ஆனால் ஜாக் வழுக்கினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது, அந்தத் திசையில் யாரும் நிற்கக் கூடாது. கழற்றிய ரிங்கைச் சமமான கண்ணாடிப் பரப்பில் வைத்துப் பார்த்து, ஆடினால் அடுத்த டயருக்குப் புது ரிங் வாங்கிவிடுங்கள்.